ஜிபிஎஸ் தப்பாகக் காட்டினால்: வன்னிக்கான பிழை நீக்கும் வழிமுறை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் பக்கத்தில் ஜிபிஎஸ் இல்லாமல் நடக்காத வேலைகள் கூடிவிட்டன. காணி அளப்பது, குளக்கட்டு மட்டம் எடுப்பது, வயலுக்கு ட்ரோனில் மருந்து அடிப்பது, வலை விட்ட இடத்துக்குப் படகைத் திருப்பிக் கொண்டுபோவது எல்லாவற்றுக்கும் அதுதான். கருவிகள் வேறு வேறு என்றாலும் வருகிற கோளாறுகள் ஒரு கைக்குள் அடங்கும். கீழே அவை அறிகுறிப்படி இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும்.

எதையும் கழற்ற முன்பு பிழையை அளந்துகொள்ளுங்கள். இடம் சரியாகத் தெரிந்த ஒரு கல்லிலோ தூணிலோ கருவியைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். ஆள்கூறு, செய்மதிகளின் எண்ணிக்கை, எச்டிஓபி (செய்மதிகள் வானில் எவ்வளவு நன்றாகப் பரந்திருக்கின்றன என்று கருவி காட்டும் எண், குறைந்தால் நல்லது), நேரம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். அதே நாள் மாலையில் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை திரும்ப எடுங்கள். எவ்வளவு தூரம் விலகுகிறது, எந்தப் பக்கம் விலகுகிறது, நிலையாக நிற்கிறதா அலைகிறதா என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 5 மீற்றர் பிழைக்கு ஒரு காரணம், 30 மீற்றர் பிழைக்கு இன்னொன்று, 200 மீற்றருக்கு வேறொன்று. இவை ஒன்றோடொன்று குழம்புவது அரிது.

ஒரு எச்சரிக்கை. திறந்த வானம் தேடிப் பற்றைக்குள் நடக்க வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கருவி எதைக் காட்டினாலும் பலகை சொல்வதே சரி.

அறிகுறி 1: இடமே பிடிக்கவில்லை, அல்லது பிடிக்க அரை மணி நேரம் ஆகிறது

முதலில் மேலே பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழ் நின்றால் பிடிக்காது. ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாலையும் வீரையும் அடர்ந்த காட்டுக்குள், அதுவும் மழை விட்ட கையோடு இலை நனைந்திருக்கையில், சமிக்ஞை நன்றாக விழுந்துவிடும். வெளியே வந்து கருவியை ஓரிடத்தில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். கையில் பிடித்தபடி நடந்தால் இன்னும் தாமதமாகும்.

அடுத்தது, கருவி எத்தனை நாள் அணைந்து கிடந்தது என்பது. ஒவ்வொரு ஜிபிஎஸ் செய்மதியும் தன் சொந்தப் பாதைத் தகவலை 30 செக்கனுக்கு ஒருமுறை அனுப்புகிறது. எல்லாச் செய்மதிகளின் பட்டியல் முழுவதும் வந்து சேர 12.5 நிமிடம் வேண்டும். போனில் டேட்டா இருந்தால் இவை இணையத்தால் ஒரு நொடியில் வந்துவிடும். கவரேஜ் இல்லாத இடத்தில் போனும் வானத்திலிருந்துதான் ஒவ்வொரு துண்டாகப் பிடிக்க வேண்டும். ஆகவே காட்டுக்குள் போக முன்பு கவரேஜ் உள்ள இடத்தில் ஒருமுறை இடம் பிடித்துவிட்டுப் போங்கள். அந்தப் பாதைத் தகவல் ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்கும்.

இதற்கும் சரிவராவிட்டால் வெளி அன்ரெனா உள்ள கருவிகளில் கேபிளைப் பாருங்கள். படகுகளில் இதுதான் முதல் குற்றவாளி. இணைப்பைக் கழற்றினால் நடு ஊசி பச்சை பூத்திருக்கும். அது உப்புக் காற்றின் வேலை. மல்டிமீற்றரை டிசியில் வைத்து, கருவிப் பக்கத்து முனையின் நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே அளவுங்கள். கருவி இயங்கும்போது பெரும்பாலானவற்றில் 3.3 முதல் 5 வோல்ற் வரை வர வேண்டும். கருவியில் வோல்ற் வந்து, கேபிளின் மறுமுனையில் வராவிட்டால் கேபிளை மாற்றுங்கள். மறுமுனையிலும் வந்து இடம் பிடிக்காவிட்டால் அன்ரெனா போய்விட்டது. கருவியிலேயே வோல்ற் இல்லையென்றால் உள்ளே பழுது. அதற்குமேல் படகு மின்னணுக் கருவி திருத்துபவரிடம் கொடுங்கள்.

அறிகுறி 2: இடம் 5 முதல் 20 மீற்றர் வரை அலைகிறது

போனுக்குத் திறந்த வானில் ஐந்து மீற்றர் என்பது கோளாறு இல்லை, அதன் இயல்பு. போனை வைத்து வேலிக் கல் நாட்டுவதால்தான் ஊரில் சண்டை வருகிறது. எல்லை என்று வந்தால் அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். அதில் வேறு வழி இல்லை.

அதற்கு மேல் அலைந்தால் எச்டிஓபியைப் பாருங்கள். 2க்குக் கீழே இருந்தால் செய்மதிகள் வானில் நன்றாகப் பரந்திருக்கின்றன. 4க்கு மேலே என்றால் அரை மணி நேரம் பொறுத்து எடுங்கள். எச்டிஓபி நன்றாக இருந்தும் அலைந்தால் பக்கத்தில் தகரக் கூரை, தண்ணீர்த் தாங்கி, உழவு இயந்திரம் எதுவும் நிற்கிறதா என்று பாருங்கள். சமிக்ஞை அவற்றில் பட்டுத் திரும்பி நீண்ட வழியால் வருகிறது. பத்து மீற்றர் தள்ளி நின்றால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அறிகுறி 3: எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகுகிறது

இது கருவியின் பழுதல்ல. அமைப்பில் உள்ள தவறு.

*ஏறத்தாழ 200 மீற்றர், பெரும்பாலும் கிழக்கு–மேற்காக:* கருவியின் டேற்றம் (ஆள்கூற்றை எந்தப் பூமி வடிவத்தின்மேல் எண்ணுவது என்ற அமைப்பு) இலங்கையின் பழைய கண்டவலையில் நிற்கிறது, ஆள்கூறு உலகப் பொதுவான டபிள்யூஜிஎஸ் 84இல் இருக்கிறது, அல்லது இது தலைகீழாக நடந்திருக்கிறது. இலங்கையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற கணிதப் பூமி வடிவத்தின்மேல் போடப்பட்டவை. செய்மதிகள் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84. அமைப்புப் பட்டியலில் இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

*கிழக்கு–மேற்காகவும் வடக்கு–தெற்காகவும் தலா ஏறத்தாழ 300 கிலோமீற்றர்:* புள்ளி நடுக்கடலில் விழுகிறது. வரைபடங்களின் பழைய மீற்றர் கட்டம் பிதுருதலாகலை மலையை 2,00,000 – 2,00,000 என்று எண்ணத் தொடங்குகிறது. இலங்கையின் புதிய கட்டமான எஸ்எல்டி 99இல் அதே மலை 5,00,000 – 5,00,000. காகிதத்தில் உள்ள எண்ணைப் பார்த்தாலே எந்தக் கட்டம் என்று சொல்லிவிடலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வட எண் 4 லட்சத்துச் சொச்சம் என்றால் பழையது, 7 லட்சத்துச் சொச்சம் என்றால் எஸ்எல்டி 99. 10 லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ இருந்தால் அது உலகப் பொதுக் கட்டமான யூடிஎம், வலயம் 44 வடக்கு. காணி உறுதியிலோ திட்டப்படத்திலோ உள்ள எண்ணைக் கருவிக்குக் கொடுக்க முன்பு இதை ஒருமுறை பாருங்கள். முப்பது செக்கன் வேலை, அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

*ஏறத்தாழ 30 மீற்றர், கிழக்கு–மேற்காக மட்டும்:* இது கடையில் வாங்கிய கருவியில் வராது. சொந்தமாகக் கணக்குப் போடும் மாணவர்களுக்கு வரும். அறிகுறி 6ஐப் பாருங்கள்.

அறிகுறி 4: கடற்கரையில் நிற்கிறேன், உயரம் கழித்தல் தொண்ணூற்றுச் சொச்சம் மீற்றர் காட்டுகிறது

கருவி சரியாகத்தான் சொல்கிறது. அது சொல்வது கணித நீள்கோளத்திலிருந்து உள்ள உயரம், கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரம் அல்ல. உலகிலேயே கடல்மட்டம் நீள்கோளத்துக்கு மிகக் கீழே தாழ்ந்திருக்கும் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில்தான் இருக்கிறது. அங்கே அது 106 மீற்றர் கீழே. வன்னிக் கரையும் அந்தப் பள்ளத்தின் சரிவிலேயே இருப்பதால் முல்லைத்தீவு மணலில் நின்றாலும் 90 மீற்றருக்கு மேல் கழித்தல் வரும்.

செய்ய வேண்டியது: அமைப்பில் உயரத்தைச் சராசரிக் கடல்மட்டத்துக்கு மாற்றுங்கள், அல்லது ஜியோயிட் கோப்பை (கடல்மட்டம் நீள்கோளத்திலிருந்து இடத்துக்கு இடம் எவ்வளவு விலகும் என்ற அட்டவணையை) ஏற்றுங்கள். சில போன் செயலிகளில் இந்த வசதியே இல்லை. அப்படியானால் செயலியை மாற்றுங்கள். குளக்கட்டு, வாய்க்கால் மட்டம் போன்ற நீரோட வேண்டிய வேலைகளுக்கு ஜியோயிட் கோப்பை மட்டும் நம்பக் கூடாது. பக்கத்தில் உள்ள நில அளவைத் திணைக்கள மட்டக் கல்லோடு ஒத்துப்பாருங்கள். இரணைமடு போன்ற பெருங்குளத்தின் வாய்க்காலில் பத்து சென்ரிமீற்றர் மட்டம் பிழைத்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது. அந்த வேலையை மட்டக் கருவியோடு வரும் நில அளவையாளரிடமே விடுங்கள்.

இந்தப் பள்ளத்தில் கவனிக்க ஒரு விடயம் இருக்கிறது. ஈர்ப்பு கூடிய இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது பொதுச் சார்பியல். ஆனால் கடல்மட்டம் என்பதே ஈர்ப்பு ஆற்றல் சமமாக உள்ள பரப்பு. ஆகவே முல்லைத்தீவுக் கரையில் வைத்த அணுக்கடிகாரமும் வேறெந்த நாட்டுக் கரையில் வைத்ததும், உயரம் கழித்தலோ கூட்டலோ, ஒரே வேகத்தில்தான் ஓடும். ஒரு மீற்றர் மேலே தூக்கினால் கோடி கோடியில் நூறில் ஒரு பங்கு வேகம் கூடும். இதை 33 சென்ரிமீற்றர் உயர வித்தியாசத்திலேயே 2010இல் அமெரிக்காவில் அளந்து காட்டினார்கள். ஒருநாள் மட்டக் கல்லுக்குப் பதிலாகக் கடிகாரத்தைக் கொண்டுவந்து குளக்கட்டின் உயரம் அளக்கும் காலம் வரலாம்.

அறிகுறி 5: பகலில் நன்றாக இருந்த ஆர்டிகே, இருட்டியதும் ஃபிக்ஸ் விடுகிறது

ஆர்டிகே என்பது இடம் தெரிந்த புள்ளியில் வைத்த பேஸ் கருவி அனுப்பும் திருத்தத்தால் சென்ரிமீற்றர் அளவுக்கு இடம் எடுக்கும் முறை. ஃபிக்ஸ் என்பது அந்தத் துல்லியம் கிடைத்த நிலை. வன்னியில் அதிகம் ஆட்களை அலைய வைக்கும் கோளாறு இதுதான். கருவியை மாற்றுவார்கள், சிம்மை மாற்றுவார்கள், கடைசியில் காலையில் எல்லாம் தானாகச் சரியாகியிருக்கும்.

முதலில் எளிய காரணங்கள். நிலையான பேஸின் பற்றரி இறங்கிவிட்டதா? திருத்தத் தரவின் வயது எத்தனை செக்கன்? அது பத்தைத் தாண்டினால் இணைப்பில்தான் பழுது. கவரேஜ் உள்ள சிம்மைப் போடுங்கள், அல்லது ரேடியோ அன்ரெனாவை உயர்த்துங்கள். பேஸ் 10 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால் கிட்டக் கொண்டுவாருங்கள்.

இவை சரியென்றால் செய்மதிச் சமிக்ஞைப் பட்டைகளை ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். இந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது.

*எல்லாப் பட்டைகளும் ஒரே நேரத்தில் இறங்குகின்றன:* பக்கத்தில் ஏதோ ஒன்று இரைச்சல் போடுகிறது. இருட்டியதும் எரியும் எல்ஈடி விளக்கு, சோலார் சார்ஜ் கட்டுப்படுத்தி, மலிவான போன் சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் பட்டைகள் எழுந்தால் அதுதான் ஆள். மாற்றுங்கள், அல்லது அன்ரெனாவை நாலைந்து மீற்றர் தள்ளி வையுங்கள்.

*சில பட்டைகள் மட்டும், ஒவ்வொன்றும் தன்பாட்டில் துடிக்கின்றன:* 45இல் நின்ற பட்டை செக்கன்களுக்குள் 30க்கு விழுந்து திரும்ப ஏறுகிறது, பக்கத்துப் பட்டை அசையாமல் நிற்கிறது. இது அயனமண்டலம், அதாவது வானில் உயரே உள்ள மின்னேற்றம் பெற்ற காற்றுப் படையின் வேலை. காந்த மத்தியகோடு நமக்கு அருகாலேயே போகிறது. சூரியன் மறைந்த பிறகு அங்கே மின்னேற்றம் குறைந்த குமிழிகள் எழும்பும். அவற்றினூடாக வரும் சமிக்ஞை, கொதிக்கும் நீருக்கு அப்பால் தெரியும் விளக்கைப்போல் நடுங்கும். மாலை 7 மணியளவில் தொடங்கி நள்ளிரவுக்குள் அடங்கும். பங்குனி–சித்திரை, புரட்டாதி–ஐப்பசி மாதங்களில் மோசம். சூரியனின் உச்ச ஆண்டுகளில் இன்னும் மோசம். 2024ஐ ஒட்டிய ஆண்டுகள் அப்படிப்பட்டவை.

இதற்குப் பழுது பார்க்க ஒன்றுமில்லை. துல்லியமான வேலையைக் காலையில் வையுங்கள். கருவியில் ஜிபிஎஸ், கலிலியோ, பெய்டூ, குளோனாஸ் என்ற பல நாட்டுச் செய்மதித் தொகுதிகள் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். செய்மதி கூடினால் துடிக்காத சில எஞ்சும். அடிவானத்திலிருந்து 15 பாகைக்குக் கீழே உள்ள செய்மதிகளைத் தள்ளுங்கள். ஒற்றை அலைவரிசைக் கருவி வைத்திருப்பவர்கள் பிற்பகல் 2 மணியை ஒட்டியும் கவனமாக இருங்கள். அந்த நேரம் அயனமண்டலம் தடித்திருக்கும், பிழை மீற்றர் கணக்கில் ஏறும். ஒரு கிழமை காலையில் பார்த்தும் ஃபிக்ஸ் வராவிட்டால் மட்டும் கருவியை விற்றவரிடம் கொண்டுபோங்கள்.

அறிகுறி 6: சொந்தமாக எழுதிய மென்பொருளில் இடம் தப்பாக வருகிறது

கச்சாத் தரவை எடுத்துத் தாங்களே இடம் கணக்கிடும் பல்கலைக்கழக, உயர்தர மாணவர்களுக்கு இது. சார்பியல் கைக்கு நேரடியாக அகப்படும் இடமும் இதுதான்.

முதலில் செய்யத் தேவையில்லாத திருத்தம். 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஈர்ப்புக் குறைவால் செய்மதிக் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோ செக்கன் முந்தும். செக்கனுக்கு 3.9 கிலோமீற்றர் வேகத்தால் 7 மைக்ரோ செக்கன் பிந்தும். மிச்சம் 38 முந்தும். இதை ஏவ முன்பே சரிசெய்துவிடுகிறார்கள். 10.23 மெகாஹேர்ட்ஸில் ஓட வேண்டிய கடிகாரத்தைத் தரையில் 10.22999999543இல் வைத்து அனுப்புகிறார்கள். ஆகவே நீங்கள் 38 மைக்ரோ செக்கனைத் திரும்பவும் கழித்தால் பிழையைப் புதிதாக உண்டாக்குகிறீர்கள். நாளுக்கு 11 கிலோமீற்றர் என்று எங்கும் எழுதப்படுவது தூர அளவீட்டில் சேரும் பிழை. எல்லாச் செய்மதியிலும் ஒரே அளவாகச் சேர்ந்தால் அதில் பெரும்பகுதியைக் கருவி தன் கடிகாரப் பிழை என்று எடுத்துக்கொண்டுவிடும், இடம் அவ்வளவு நகராது. உயரம் வேறான தொகுதிகளைக் கலக்கும்போது அது அப்படிக் கழியாது. 35,786 கிலோமீற்றரில் உள்ள செய்மதியில் மிச்சம் நாளுக்கு 46 மைக்ரோ செக்கன் அளவில் வரும்.

இனி நீங்கள் செய்யவேண்டிய இரண்டு.

*பிழை 30 மீற்றர் அளவில், நெடுங்கோட்டில் மட்டும்:* சமிக்ஞை கீழே வர ஏறத்தாழ 70 மில்லி செக்கன் எடுக்கிறது. அதற்குள் பூமி கிழக்கே சுழன்றுவிடுகிறது. வன்னி அகலக்கோட்டில் வேகம் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 459 மீற்றர். பெருக்கிப் பாருங்கள், 32 மீற்றர். இதற்குச் சக்நாக் திருத்தம் என்று பெயர். செய்மதியின் ஆள்கூறுகளைப் பயண நேரத்துக்குப் பூமி சுழன்ற கோணத்தால் திருப்புங்கள்.

*பிழை சில மீற்றர், மணிக்கணக்கில் மெதுவாக ஏறி இறங்குகிறது:* செய்மதியின் பாதை சரியான வட்டமல்ல. பூமிக்குக் கிட்ட வரும்போது கடிகாரம் மெதுவாகும், விலகும்போது விரையும். இந்தத் திருத்தம் கருவியின் பொறுப்பு. மாறிலி −4.442807633 × 10⁻¹⁰. அதை மையவிலகல், அரைப் பேரச்சின் வர்க்கமூலம், மையப்பிறழ் கோணத்தின் சைன் ஆகியவற்றால் பெருக்கினால் செக்கன் வரும். மையவிலகல் 0.01 என்றால் உச்சம் 23 நானோ செக்கன், அதாவது 7 மீற்றர். அதிகம் பேர் விழுவது இரண்டு இடத்தில்: அரைப் பேரச்சைக் கிலோமீற்றரில் போடுவது, கோணத்தைப் பாகையில் போடுவது.

சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. 2014 ஓகஸ்டில் ஏவிய இரு கலிலியோ செய்மதிகள் தவறான நீள்வட்டத்தில் போய்ச் சேர்ந்தன. பிறகு திருத்திய பாதையிலும் அவற்றின் மையவிலகல் ஏறத்தாழ 0.16. அவற்றில் இதே திருத்தம் 370 நானோ செக்கன் அளவுக்கு ஏறி இறங்கும், அதாவது நூறு மீற்றருக்கு மேல். வழக்கமான வழிகாட்டலுக்கு ஒத்துவராத பாதையில் போன அந்த இரண்டையும் வைத்தே ஐன்ஸ்டீனின் ஈர்ப்புச் சிவப்புப் பெயர்ச்சியை முன்னெப்போதையும்விடத் துல்லியமாகச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றின் தரவில் உங்கள் கணக்கு நின்றால் எதிலும் நிற்கும்.

அறிகுறி 7: நேரம் அல்லது திகதி பிழை

*18 செக்கன் முந்துகிறது:* கருவி ஜிபிஎஸ் நேரத்தைக் காட்டுகிறது. 2017 தை முதல் அது உலகப் பொது நேரத்தைவிட 18 செக்கன் கூட. இடம் பிடித்து 15 நிமிடம் விட்டால் செய்மதியிலிருந்து திருத்தம் வந்து தானே சரியாகும்.

*அரை மணி நேரம் முந்துகிறது:* நேர வலயம் +6:00இல் நிற்கிறது. இலங்கை 1996இன் கடைசியில் அதற்கு மாறி, 2006 சித்திரையில் +5:30க்குத் திரும்பியது. பழைய கருவிகளில் கொழும்பு என்று தெரிவு செய்தால் அந்தப் பழைய நேரமே வரும். கையால் +5:30 போடுங்கள்.

*திகதி 19 வருடம் 7 மாதம் பின்னால் போய்விட்டது:* ஜிபிஎஸ் கிழமைகளை 1024 வரை எண்ணிவிட்டுத் திரும்பச் சுழியத்தில் தொடங்கும். கடைசியாக 2019 சித்திரையில் அப்படி நடந்தது, அடுத்தது 2038 கார்த்திகையில். உற்பத்தியாளரின் புதிய மென்பொருளை ஏற்றுங்கள். வராவிட்டால் இடத்தை நம்பலாம், திகதியைக் கையால் எழுதுங்கள்.

அறிகுறி 8: தானியங்கித் தொலைநோக்கி குறி தவறுகிறது

நகர வெளிச்சம் குறைந்த வன்னி வானத்துக்காகத் தொலைநோக்கி கொண்டுவருகிறவர்கள் கேட்பது. ஏழரைப் பாகை தவறினால் அதே அரை மணி நேர வலயப் பிழை. மூன்றிலொரு பாகை, அதாவது முழு நிலவின் அகலத்துக்குச் சற்றுக் குறைவு என்றால் பட்டியலில் உள்ளது 2000ஆம் ஆண்டின் ஆள்கூறு. பூமியின் அச்சு அதற்குப் பிறகு நகர்ந்துவிட்டது, இன்றைய ஆள்கூற்றுக்கு மாற்றுங்கள். 20 விற்செக்கன் (ஒரு விற்செக்கன் என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) என்றால் பூமி ஓடும் வேகத்தால் விண்மீன் ஒளி சாய்வது. இந்த அளவு தெரிய வேண்டுமென்றால் நல்ல கமெராவும் உறுதியான தாங்கியும் வேண்டும். சூரியனின் ஈர்ப்பு ஒளியை வளைப்பது விளிம்பிலேயே 1.75 விற்செக்கன்தான். சூரியனுக்கு 90 பாகை தள்ளி அது 4 மில்லி விற்செக்கன். விண்மீன்களின் இடத்தை அளந்த ஐரோப்பாவின் கையா விண்கலம் அதையும் கழித்துத்தான் விண்மீன் பட்டியல் போட்டது. உங்கள் தொலைநோக்கி அதைக் காணாது. குறி சிறிதளவு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் தவறினால் முக்காலியின் கால் மணலில் இறங்குகிறது. மூன்று காலுக்கும் கீழே பலகைத் துண்டு வையுங்கள். பலகை வைத்தும் தவறினால் பற்சக்கரத்தில் தளர்வு இருக்கிறது. அதை நீங்கள் திறக்க வேண்டாம், விற்றவரிடம் அனுப்புங்கள்.